ஸ்லோ குக்கரில் இரவுச் சாப்பாடு: உறுப்பினர்கள் தங்கள் வீடுகளில் கண்டவை

இழையைத் தொடங்கியவர்:

கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிற, பள்ளிப் பிள்ளைகளும் வயதான மாமனாரும் இருக்கிற எங்கள் வீட்டில், இரவுச் சாப்பாடு சில ஆண்டுகளாக, பல மணி நேரம் மெல்ல வேகவைக்கும் மின்சாரப் பாத்திரமான ஸ்லோ குக்கரை நம்பித்தான் நடக்கிறது. காலையில் எல்லாவற்றையும் போட்டு மூடிவிட்டால் மாலையில் சாப்பாடு தயார் என்று விற்பவர்கள் சொல்வதில் பொய்யில்லை. ஆனால் அந்தச் சாப்பாடு வாய்க்கு ருசியாகவும் வயிற்றுக்குக் கேடில்லாமலும் அமையுமா என்பது, வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன் நாம் ஒதுக்கும் அரைமணி நேரத்திலேயே முடிவாகிவிடுகிறது. அந்த அரைமணி நேரத்தைப் பற்றி நான் அறிந்ததை எழுதுகிறேன். மற்றவர்களும் தங்கள் வீட்டில் கண்டதைச் சேர்த்தால் புதிதாக வாங்கியவர்களுக்குப் பயன்படும்.

முதலில் வெப்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 'லோ' நிலையில் உணவு குறைந்த சூட்டிலும் 'ஹை' நிலையில் கூடுதல் சூட்டிலும் வேகிறது என்றுதான் பலர் நினைத்திருக்கிறார்கள். பெரும்பாலான ஸ்லோ குக்கர்களில் இரண்டு நிலைகளும் கடைசியில் கொதிநிலையை ஒட்டிய, ஏறக்குறைய ஒரே வெப்பத்தைத்தான் எட்டுகின்றன; அங்கே போய்ச் சேர எடுத்துக்கொள்ளும் நேரம்தான் வேறுபடுகிறது. ஹையில் 3 அல்லது 4 மணி நேரத்தில் வேகும் குழம்பு லோவில் 7 அல்லது 8 மணி நேரம் கேட்பது இதனால்தான். 'வார்ம்' என்பது சமைப்பதற்கான நிலையே அல்ல. வெந்து முடிந்ததைச் சூடாக வைத்திருக்க மட்டுமே அது உதவும்.

இந்தச் சமையலுக்கு மிகவும் பொருந்துவது தோள்பட்டை, கால் போன்ற, அதிகம் உழைத்த தசைப்பகுதிகளின் இறைச்சி. அவற்றில் நிறைந்திருக்கும் கொலாஜன் என்ற புரதம், 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் பல மணி நேரம் ஈரச்சூட்டில் இருக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக ஜெலட்டினாகக் கரைகிறது. அடுப்பில் அவசரமாக வேகவைத்தால் மெல்ல முடியாமல் நிற்கும் அதே துண்டு, மாலையில் கரண்டியின் ஓரம் பட்டதுமே நார்நாராகப் பிரியும். பல் தேய்ந்துபோன என் மாமனார் இறைச்சியை மறுபடி விரும்பிச் சாப்பிடத் தொடங்கியது இந்தப் பாத்திரம் வந்த பிறகுதான். எனக்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

முந்தின இரவே இறைச்சியை நறுக்கி ஒரு டப்பாவிலும், காய்கறிகளை வேறொரு டப்பாவிலும் வைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுவேன். காலையில் துண்டுகளின் ஈரத்தைக் காகிதத்தால் ஒற்றி எடுத்து, நன்றாகக் காய்ந்த இரும்பு வாணலியில், ஒன்றின்மேல் ஒன்று படாதபடி சிறு தொகுதிகளாகப் போட்டு, இரண்டு பக்கமும் கரும்பழுப்பு நிறம் வரும்வரை வறுத்தெடுப்பேன். இந்த நிறத்தோடு வரும் மணம் மேற்பரப்பு ஏறக்குறைய 140 டிகிரியை எட்டினால்தான் உருவாகும். தண்ணீர் நிறைந்த குக்கருக்குள் 100 டிகிரியைத் தாண்டவே முடியாது என்பதால், எத்தனை மணி நேரம் வைத்திருந்தாலும் அந்த மணம் அங்கே பிறக்காது. வாணலியின் அடியில் ஒட்டியிருப்பதை அரை கோப்பை வெந்நீர் ஊற்றிக் கரண்டியால் சுரண்டி, அந்தச் சாற்றையும் விடாமல் உள்ளே ஊற்றிவிட வேண்டும்.

பிறகு அடுக்கும் வரிசை. உருளைக்கிழங்கு, கேரட் போன்ற கிழங்கு வகைகள் இந்தச் சூட்டில் இறைச்சியைவிடத் தாமதமாக வேகும். ஆகவே அவை அடியிலும், சூடு முதலில் ஏறும் பக்கச் சுவரை ஒட்டியும் இருக்க வேண்டும். இறைச்சி அவற்றின் மேல் வர வேண்டும். பாத்திரத்தில் பாதிக்குக் குறையாமலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மிகாமலும் நிரப்புவதே நல்லது. குறைந்தால் தீய்ந்துபோகும், கூடினால் நடுப்பகுதி சூடாகத் தாமதமாகும்.

இரவுப் பணி பார்க்கும் உறுப்பினர்:

சகோதரி எழுதியதை முழுவதும் ஒப்புக்கொள்கிறேன். நான் சேர்க்க விரும்புவது தண்ணீரைப் பற்றி. எங்கள் வீட்டில் இந்தக் குக்கரைப் பற்றி எழுந்த முதல் குறை, எதைச் சமைத்தாலும் நீர்த்துப்போகிறது என்பதுதான். காரணம் எளியது. அடுப்பில் வைக்கும் பாத்திரத்திலிருந்து ஆவி வெளியேறிக்கொண்டே இருப்பதால் குழம்பு தானாகச் சுண்டும். இங்கே மேலே எழும் ஆவி கண்ணாடி மூடியில் துளிகளாகப் படிந்து, விளிம்புவரை வழிந்து, மூடிக்கும் பாத்திரத்துக்கும் இடையே ஒரு நீர்வளையமாக நின்று, மறுபடி உள்ளேயே இறங்குகிறது. அதோடு வெங்காயமும் தக்காளியும் இறைச்சியும் விடுகிற நீரும் சேர்ந்துகொள்கிறது. அடுப்புச் சமையலுக்கு ஊற்றுவதில் பாதியளவு ஊற்றினால் பெரும்பாலும் போதும். மாலையிலும் நீர்த்திருந்தால், சாற்றை மட்டும் ஒரு வாணலியில் வடித்து அடுப்பில் சுண்டவைத்து மறுபடி கலப்பது, மூடியைத் திறந்துவைத்துக் காத்திருப்பதைவிட விரைவானது.

மூடியை இடையில் திறக்கும் பழக்கத்தை எங்கள் வீட்டில் நிறுத்துவதற்கு நெடுநாள் ஆயிற்று. என் அம்மாவுக்கு, தம் கையால் கிளறிப் பார்க்காத ஒன்றைச் சமையல் என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. சமையலறையைக் கடக்கும்போதெல்லாம் திறந்து பார்த்துவிடுவார். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் உள்ளே சேர்ந்த ஆவி முழுவதும் போய்விடுகிறது. இழந்த சூடு திரும்ப 20 நிமிடங்கள் வரை ஆகலாம். வாட் குறைந்த கருவி அது, அடுப்பைப் போல உடனே ஈடுகட்டாது என்று அம்மாவுக்கு விளக்கிச் சொன்னேன். கண்ணாடி மூடியின் மேல் விரலால் லேசாகத் தட்டினால் துளிகள் உதிர்ந்து உள்ளே தெரியும் என்று காட்டிக்கொடுத்த பிறகு அவருக்கும் திருப்தி, குழம்புக்கும் கேடில்லை.

பால், தயிர், கிரீம் ஆகியவற்றைக் காலையிலேயே சேர்க்கக் கூடாது. நீண்ட நேரச் சூட்டில் அவை திரிந்துவிடும். பரிமாறுவதற்கு அரைமணி நேரம் முன்பு சேர்த்தால் போதும். கீரையும் பச்சைப் பட்டாணியும் அப்படியே. பட்டை, கிராம்பு போன்றவை 8 மணி நேரத்தில் தங்கள் சாரம் முழுவதையும் இறக்கிவிடும் என்பதால் வழக்கத்தைவிடக் குறைவாகப் போடுகிறேன். கொத்தமல்லி போன்ற பச்சைத் தழைகளுக்கு நேர்மாறாக, நீண்ட சூட்டில் மணமே மிஞ்சாது. அவை இறக்கும்போது தூவுவதற்கானவை.

ராஜ்மாவைப் பற்றி எழுதும் உறுப்பினர்:

இந்த இழையில் யாரும் இதுவரை சொல்லாத ஒன்றைச் சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. உறவினர் வீட்டு விருந்து ஒன்றில் பரிமாறப்பட்ட ராஜ்மா, ஊறவைத்த நிலையிலிருந்து நேராக ஸ்லோ குக்கரில் லோ நிலையில் வேகவைக்கப்பட்டது. பார்வைக்கு வெந்துதான் இருந்தது. கடித்தால் மட்டும் நடுவில் லேசான மாவுத்தன்மை தெரிந்தது. சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே எங்களில் பலருக்குக் கடுமையான வாந்தி தொடங்கி, பிறகு வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டது. கெட்டுப்போன உணவு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சமைத்தவர் சுத்தத்தில் எந்தக் குறையும் வைப்பவர் அல்லர் என்பதால், அந்தப் பழி அவர்மேல் விழுந்தது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. காரணத்தைத் தேடிப் படித்தேன்.

ராஜ்மாவில் பைட்டோஹீமாக்ளூட்டினின் என்ற லெக்டின் (நச்சுத்தன்மையுள்ள ஒரு வகைப் புரதம்) இயல்பாகவே மிகுதியாக இருக்கிறது. முழுக் கொதிநிலையில் 10 நிமிடங்கள் கொதித்தால் அது செயலிழந்துவிடும். ஆனால் 80 டிகிரி அளவில் வெறுமனே சூடாகிக்கொண்டிருந்தால் அழிவதில்லை; வேகவைக்காத ராஜ்மாவில் இருப்பதைவிட நச்சுத்தன்மை பல மடங்கு கூடுவதாகவும் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரித்திருக்கிறது. சரியாக வேகாத நான்கைந்து பயறே ஒருவரைப் படுக்கவைக்கப் போதும். அந்த நிர்வாகம் சொல்லும் முறை இது: குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரில் 30 நிமிடங்கள் அடுப்பில் நன்றாகக் கொதிக்கவைக்க வேண்டும். உண்மையில் தேவைப்படுவது 10 நிமிடங்கள்தான் என்றாலும், எல்லாப் பயறும் அந்தச் சூட்டை எட்டுவதை உறுதிசெய்யவே 30 நிமிடங்கள். அதன் பிறகு ஸ்லோ குக்கரில் போடலாம். டின்னில் வரும் ராஜ்மா ஏற்கெனவே வெந்தது என்பதால் அந்தக் கவலை இல்லை.

இன்னொன்று: தக்காளியும் புளிப்பும் பயறின் தோல் இளகுவதைத் தடுக்கும். பயறு மென்மையான பிறகுதான் அவற்றைச் சேர்க்க வேண்டும்.

மின்தடை அடிக்கடி ஏற்படும் பகுதியில் வசிக்கும் உறுப்பினர்:

காலையில் போட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு இருக்கும் உண்மையான ஆபத்து, நாம் இல்லாத நேரத்தில் மின்சாரம் போய்த் திரும்பி வந்துவிடுவதுதான். மாலையில் பார்த்தால் குக்கர் சூடாகவே இருக்கும். இடையில் அது எத்தனை நேரம் 60 டிகிரிக்குக் கீழே கிடந்தது என்பது தெரியாது. 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் பாக்டீரியா வேகமாகப் பெருகும். அதனால் குக்கரைச் செருகியிருக்கும் அதே பலகையில், மின்சாரம் போனால் நேரத்தை இழந்து மின்னத் தொடங்கும் பழைய டிஜிட்டல் கடிகாரம் ஒன்றையும் செருகி வைத்திருக்கிறேன். வீடு திரும்பியதும் முதலில் அதைத்தான் பார்ப்பேன். மின்னிக்கொண்டிருந்தால், உணவு எவ்வளவு நன்றாக வெந்ததாகத் தோன்றினாலும் கொட்டிவிடுவதுதான் எங்கள் வீட்டு விதி. பிள்ளைகள் சாப்பிடுகிற சாப்பாட்டில் நான் மனக்கணக்குப் போட விரும்பவில்லை. வீட்டில் இருக்கும்போது மின்சாரம் போனால் கவலை இல்லை. உடனே எரிவாயு அடுப்புக்கு மாற்றி முடித்துவிடலாம்.

உறைந்த இறைச்சியை அப்படியே போடக் கூடாது என்பதற்கும் காரணம் இதே இடைப்பட்ட சூடுதான். முந்தின நாளே குளிர்சாதனப் பெட்டியில் வைத்துப் பனி இளகவிட வேண்டும்.

பழைய குக்கரைப் பயன்படுத்தும் உறுப்பினர்:

என் அக்காவிடமிருந்து வந்த குக்கரைத்தான் நான் இன்னும் பயன்படுத்துகிறேன். இந்தக் கருவியின் தொடக்கமே ஒரு குடும்பச் சாப்பாட்டின் நினைவிலிருந்து வந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. சிகாகோவைச் சேர்ந்த இர்விங் நாக்ஸன், லிதுவேனியாவில் தம் பாட்டி ரொட்டிக்கடை அடுப்பின் ஆறும் சூட்டில் இரவெல்லாம் வேகவிட்ட பயறு-இறைச்சிக் குழம்பைப் பற்றித் தம் தாய் சொல்லக் கேட்டு இதை வடிவமைத்ததாகக் கூறியிருக்கிறார்; 1940இல் காப்புரிமை பெற்றார். ரைவல் நிறுவனம் அவருடைய நிறுவனத்தை 1970இல் வாங்கி, 1971இல் 'கிராக்-பாட்' என்ற பெயரில் விற்கத் தொடங்கிய பிறகுதான் அது வீடுகளுக்குப் பரவியது.

பழைய கருவி போதிய சூட்டை எட்டுகிறதா என்று சோதிக்க எளிய வழி உண்டு. பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை தண்ணீர் நிரப்பி, மூடியைத் திறக்காமல் லோவில் 8 மணி நேரம் வைத்து, திறந்த உடனே உணவு வெப்பமானியால் அளக்க வேண்டும். 85 டிகிரி அளவில் இருந்தால் நல்லது. அதற்கு வெகுவாகக் குறைந்தால் அந்தக் கருவியை நம்பக் கூடாது. மிகவும் கூடினால் சமைக்கும் நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். பீங்கான் உள்பாத்திரத்தைச் சூடாக இருக்கும்போதே குளிர்ந்த நீரில் நனைக்கவோ, குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்ததும் நேராகச் சூடேற்றவோ கூடாது, விரிசல் விட்டுவிடும்.

இழையைத் தொடங்கியவர்:

கடிகார யோசனைக்கு மிக்க நன்றி ஐயா, இன்றே செய்துவிடுகிறேன். ராஜ்மாவைப் பற்றிய பதிவை என் நாத்தனாருக்கும் அனுப்பியிருக்கிறேன்.

தனிமடலில் இருவர் கோழி ஏன் வறண்டுபோகிறது என்று கேட்டிருந்தார்கள். நெஞ்சுக்கறியில் கொழுப்பும் கொலாஜனும் குறைவு. நாள் முழுவதும் வேகவிட்டால் சாற்றுக்குள் கிடந்தாலும் சக்கையாகிவிடும். எலும்போடு கூடிய தொடைக்கறி 6 மணி நேரத்தைத் தாங்கும். நெஞ்சுக்கறிதான் வேண்டுமென்றால், வீட்டில் இருக்கும் நாளில் வைத்து, உள்ளே 74 டிகிரி வந்ததும் எடுத்துவிடுங்கள்.

மிஞ்சியதைக் குக்கரிலேயே விட்டு ஆறவைக்க வேண்டாம். தடித்த பீங்கான் சூட்டை நெடுநேரம் பிடித்துவைத்திருக்கும். உணவு அந்த ஆபத்தான இடைச்சூட்டிலேயே தங்கிவிடும். 2 மணி நேரத்துக்குள் ஆழமில்லாத டப்பாக்களில் பிரித்துக் குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றிவிடுகிறோம். மறுநாள் அதைச் சூடாக்குவது அடுப்பில்தான். கொதி வந்த பிறகு, தாமதமாக வருகிறவருக்காகக் குக்கரில் வார்மில் வைத்திருக்கலாம்.