ஜாப்லின் டொர்னாடோ: 17 நிமிடம் முன்பே எச்சரித்தும் 161 பேர் இறந்தது எப்படி?

பொட்டல்காடு:
2011 மே 22 அன்று அமெரிக்காவின் மிசௌரி மாநிலம் ஜாப்லினை அடித்த டொர்னாடோ (மேகத்திலிருந்து தரை தொடும் சுழல்காற்று) பற்றி ஒரு சந்தேகம். மாலை 5:17க்கு வானிலை எச்சரிக்கை வந்துவிட்டது. சுழல் தரை தொட்டது 5:34க்கு. 17 நிமிடம் ஒன்றும் குறைச்சல் இல்லை. பிறகும் 161 உயிர் போயிருக்கிறது. எங்கே பிசகியது? நிலவறை இல்லாத மரவீட்டில் இருப்பவர்கள் என்னதான் செய்வது?

மழைமானி:
சங்கு ஊதிய நேரத்தைப் பாருங்கள். முதல் சங்கு 5:11க்கு, வேறொரு மேகக் கூட்டத்துக்கு விட்ட எச்சரிக்கையை வைத்து ஊதியது. மூன்று நிமிடத்தில் நின்றுவிட்டது. 5:17 எச்சரிக்கைக்குத் தனியாகச் சங்கு இல்லை, அடுத்தது 5:38க்குத்தான். அதற்குள் சுழல் ஊருக்குள் வந்தாயிற்று. அந்தப் பக்கம் வசந்த காலம் முழுக்கச் சங்கு ஊதும், பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. அதனால் பலர் டிவி பார்த்து, வாசலில் நின்று வானம் பார்த்து, நிச்சயமானால் ஒளியலாம் என்று இருந்தார்கள். அன்றைய சுழல் மழைத்திரைக்குள் மறைந்திருந்தது. பார்த்துத் தெரிந்துகொள்ள வழியே இல்லை.

சங்கு வெளியில் இருப்பவர்களுக்கானது. வீட்டுக்குள் தூங்குபவருக்கு மின்கலத்தோடு கூடிய வானிலை ரேடியோவும் கைபேசி எச்சரிக்கையும் வேண்டும். சங்கு நின்றால் ஆபத்து நீங்கியது என்று பொருளில்லை.

(நம் செய்திகளில் இதைச் சூறாவளி என்று எழுதிக் கடற்புயலோடு குழப்புகிறார்கள். டொர்னாடோ என்றே எழுதலாம்.)

ஆணிக்கணக்கு:
எச்சரிக்கை பாதிக் கதைதான். இறந்தவர்களில் ஐந்தில் நாலு பேருக்கு மேல் கட்டடம் சிதைந்ததால் போனவர்கள். ஊரில் 82 சதவீத வீடுகளில் நிலவறை கிடையாது.

மரவீட்டில் காற்று முதலில் கராஜ் கதவை உள்ளே தள்ளும். உள்ளே புகுந்த காற்று கூரையை அடியிலிருந்து தூக்கும். கூரைச் சட்டத்தைச் சுவரோடு பிடித்திருப்பது சாய்வாக அடித்த இரண்டு மூன்று ஆணிதான், அது பிடுங்கிக்கொள்ளும். கூரை போனால் சுவருக்கு மேல்பிடி இல்லை, சரியும். பிறகு ஜாப்லின் நகராட்சி கூரையைச் சுவரோடு பிடிக்க உலோகப் பட்டை கட்டாயம் என்றது. அடித்தள நங்கூர போல்ட்டுகளின் இடைவெளியை 6 அடியிலிருந்து 4 அடியாகக் குறைத்தது. இஎஃப்5 (டொர்னாடோ வலிமை அளவில் உச்சப் படி) நேராக அடித்தால் இதுவும் நிற்காது. சுழலின் பாதையோரத்தில் இருக்கும் வீட்டைக் காப்பாற்றும். ஓரம்தான் எப்போதும் அதிகம்.

கிடங்கு போன்ற பெரிய பேரங்காடிகளில் இன்னும் மோசம். கான்கிரீட் சுவரைத் தரையில் வார்த்து நிமிர்த்தி நிறுத்துவார்கள். அதைப் பிடித்து நிறுத்துவதே மெல்லிய எஃகுக் கூரைதான். கூரை கழன்றதும் முழுப் பலகையாகச் சாயும்.

பொட்டல்காடு:
அப்படியானால் குளியல் தொட்டியில் படுத்தால் போதுமா?

ஆணிக்கணக்கு:
கீழ்த்தளத்தில், வெளிச்சுவர் தொடாத, ஜன்னல் இல்லாத சின்ன அறைதான் கணக்கு. தொட்டி அப்படி ஓர் அறைக்குள் இருந்தால் சரி. தலைக்கு ஹெல்மெட், மேலே மெத்தை, காலில் ஷூ, கையில் விசில். ஜன்னலைத் திறந்து வைத்தால் அழுத்தம் சமனாகும் என்பது பழைய கட்டுக்கதை, நேரம்தான் வீண். நம்பிப் படுக்க வேண்டுமானால் சோதித்த பாதுகாப்பு அறை வாங்குங்கள்: 15 பவுண்டு மரக்கட்டையை மணிக்கு 100 மைல் வேகத்தில் எறிந்தும் சுவரும் கதவும் துளைபடக் கூடாது. ஏமாற்றுவது பெரும்பாலும் கதவுதான். அறையோடு சேர்த்துச் சோதித்த கதவா, எத்தனை தாழ்ப்பாள் என்று கேளுங்கள்.

தையல்பிரிவு:
புயல் கடந்த பிறகும் சாவு தொடர்ந்தது. மண்ணும் மரச்சிலாம்பும் குத்திய காயங்களில் அபோஃபிசோமைசிஸ் என்ற பூஞ்சை பிடித்து 13 பேர் பாதிக்கப்பட்டார்கள், 5 பேர் இறந்தார்கள். மேலே தையல் சுத்தமாகத் தெரியும், உள்ளே தசை கறுத்துக்கொண்டே போகும். அதனால் இப்படிப்பட்ட காயத்தை அன்றே தைத்து மூடக் கூடாது. நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, செத்த சதையை வெட்டி, திறந்தே கட்டி, சில நாள் கழித்துத் தைக்க வேண்டும். டெட்டனஸ் ஊசி தனி. ஆன்டிபயாடிக் கொடுத்தும் காயம் பரவினால் சதைத் துண்டைப் பூஞ்சைச் சோதனைக்கு அனுப்புங்கள். பூஞ்சை மருந்துகளில் வோரிகோனசோல் இதற்கு வேலை செய்யாது, ஆம்போடெரிசின் பி வேண்டும்.

ஆஸ்பத்திரி கட்டுபவர்களுக்கு ஒன்று: அங்கே பெரிய மருத்துவமனையின் கட்டடச் சட்டகம் நின்றது. ஜன்னலும் ஜெனரேட்டரும் போயின. உயிர்காப்புக் கருவியில் இருந்தவர்களில் சிலர் இறந்தார்கள். 183 நோயாளிகளை 90 நிமிடத்தில் இருட்டில் இறக்கினார்கள். ஜெனரேட்டரைத் தனிக் கொட்டகையில் வைக்காதீர்கள்.