மறு: ‘லோ புரொஃபைல்’ வரைகலை அட்டை – ‘குட்டை வகை’ என்பதே என் பரிந்துரை

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய அலுவலகக் கணினியில் வரைகலை அட்டை (திரையில் படம் காட்டும் வேலையைச் செய்யும் பலகை) மாற்றுவது பற்றிய கையேட்டில், கடைகளில் ‘லோ புரொஃபைல்’ எனப்படும் உயரம் குறைந்த அட்டைக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் இதுவரை மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன: குறைசுயவிவர அட்டை, தாழ்நிலை அட்டை, மெல்லட்டை. மூன்றும் எனக்கு உடன்பாடில்லை. ஏன் என்பதை அகராதியைப் புரட்டிச் சொல்வதைவிட, கணினிப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு சொல்வது நல்லது.

கையேட்டைப் படிக்கப்போகிறவரின் மேசையில் இருப்பது பெரும்பாலும் ஓர் அலுவலகம் கழித்துவிட்ட கணினிதான். சென்னை ரிச்சி தெருவில் இவை அடுக்கடுக்காகக் கிடைக்கின்றன. எடுத்துக்காட்டாக 2012இல் வந்த டெல் ஆப்டிபிளெக்ஸ் 7010ஐ எடுத்துக்கொள்வோம். அதன் பின்புறத்தில் திரை இணைப்புகளாக இரண்டு டிஸ்பிளேபோர்ட்டும் ஒரு விஜிஏவும் உண்டு, எச்டிஎம்ஐ கிடையாது. உள்ளே ஐ5-3470 செயலி இருந்தால், அதிலேயே அமைந்த இன்டெல் எச்டி 2500 வரைகலைதான் திரையைக் கவனித்துக்கொள்கிறது. எச்.265 என்ற சுருக்க முறையில் பதிவான 4கே காணொளியை ஓட்டினால் அந்த வரைகலை கை கொடுக்காது. செயலி தனியாக மூச்சுமுட்டும். இந்த இரண்டு குறைக்காகத்தான் மாணவர்களும் சிறு அலுவலகத்தாரும் தனி அட்டை தேடிக் கடைக்குப் போகிறார்கள். என்விடியாவின் ஜிடி 1030 போன்ற ஓர் எளிய அட்டையே இரண்டையும் தீர்த்துவிடும்.

அட்டை வாங்கியவர் வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தால் அது உள்ளே போகவில்லை. ஏனென்றால் அவருடையது சிறுவடிவப் பெட்டி, வாங்கியதோ முழு உயர அட்டை. கையேட்டில் நாம் இடப்போகும் சொல் இந்த இடத்தில்தான் அவருக்குத் துணை நிற்க வேண்டும். இதை மனத்தில் வைத்து மூன்று பரிந்துரைகளையும் பார்ப்போம்.

> ‘புரொஃபைல்’ என்பதற்கு நம் பட்டியலில் ஏற்கெனவே ‘சுயவிவரம்’ இருக்கிறது. ஆகவே ‘குறைசுயவிவரம்’ என்றால் சீராக இருக்கும்.

ஐயா, சீர்மை வேண்டும் என்ற உங்கள் கவலையை மதிக்கிறேன். ஆனால் வேலைக்கு விண்ணப்பிப்பவர் தருவதும், இணையக் கணக்கில் நிரப்புவதும் சுயவிவரம். இங்கே ‘புரொஃபைல்’ என்பது ஒரு பொருளைப் பக்கவாட்டில் பார்க்கும்போது தெரியும் புறக்கோடு. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் அமைந்தது அந்த மொழியின் வரலாறு. அதை நாம் சுமக்க வேண்டியதில்லை. ‘குறைசுயவிவர அட்டை’ என்று படிப்பவர், அட்டையைப் பற்றிய விவரம் குறைவாகத் தரப்பட்டிருக்கிறது என்றுதான் எண்ணுவார்.

‘தாழ்நிலை அட்டை’ இதைவிடத் தீங்கானது. தாழ்நிலை என்றதும் தரம் தாழ்ந்தது, வேகம் குறைந்தது என்றே மனம் ஓடும். கொஞ்சம் பணம் சேர்ந்தால் உயர்நிலையே வாங்கிவிடலாம் என்று முழு உயர அட்டையை வாங்கி வருவார். உண்மையில் உயரத்துக்கும் வேகத்துக்கும் தொடர்பே இல்லை. 2019இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650 ஒரே சில்லுடன் இரு உயரங்களிலும் விற்கப்பட்டது. மறுபக்கம் ஜிடி 1030ஐப் பாருங்கள். 2017இல் ஜிடிடிஆர்5 நினைவகத்துடன் வந்தது. அடுத்த ஆண்டே அதே பெயரில் டிடிஆர்4 நினைவகத்துடன் இன்னொன்றை விற்றார்கள். முன்னதன் நினைவகம் நொடிக்கு 48 கிகாபைட் கடத்தும். பின்னதற்கு 17 கிகாபைட் கூட வராது. உயரம் ஒன்று, பெயர் ஒன்று, வேகமோ பாதிக்கும் கீழே போகிறது. ‘தாழ்நிலை’ என்று ஒன்றைச் சொல்லத்தான் வேண்டுமென்றால், அந்த டிடிஆர்4 அட்டையைச் சொல்லுங்கள். (கையேட்டில் இதைத் தடித்த எழுத்தில் எச்சரிக்கையாகப் போட வேண்டும் என்பது என் தனி வேண்டுகோள். பெட்டியின் மேல் அச்சிட்ட பெயரை மட்டும் நம்பி மாணவர்கள் பணத்தை இழப்பது வருத்தமாக இருக்கிறது.)

மெல்லட்டை என்பது செவிக்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் மெலிவு தடிமனைக் குறிக்கும் சொல். தடிமன் இங்கே வேறொரு தனி அளவு. உயரத்தில் பொருந்தும் ஜிடிஎக்ஸ் 1650 அட்டைகள் பல, விசிறியோடும் வெப்பம் கடத்தும் உலோகத்தோடும் சேர்ந்து அட்டை மாட்டும் இரண்டு செருகிடங்களின் தடிமனைப் பிடித்துக்கொள்கின்றன. சில சிறுவடிவப் பெட்டிகளில் நீளச் செருகிடம் மின்வழங்கியை ஒட்டியே இருக்கும். அங்கே உயரம் சரியாக இருந்தும் தடிமனால் அட்டை மாட்டாது. அட்டைக்கு உயரம், நீளம், தடிமன் என்று மூன்று அளவுகள் உண்டு. மூன்றையும் தனித்தனியே சொல்லத் தமிழில் இடம் இருக்க வேண்டும். தடிமனுக்கான சொல்லை உயரத்துக்குக் கொடுத்துவிட்டால், பிறகு தடிமனுக்கு என்ன செய்வோம்?

நான்காவதாக ‘அரையுயர அட்டை’ என்று ஒருவர் தனி மடலில் எழுதியிருந்தார். ஆங்கிலத்திலும் அப்படி ஒரு வழக்கு உண்டு. ஆனால் அளவுகோலை வைத்துப் பார்த்தால் பொருந்தவில்லை. முழு உயர அட்டையின் பலகை சுமார் 11.1 செ.மீ.; மற்றது சுமார் 6.9 செ.மீ. பெட்டியின் பின்புறத்தில் திருகும் உலோகப் பட்டையை அளந்தால் ஒன்று 12 செ.மீ., மற்றது 8 செ.மீ. கிட்டத்தட்ட. எந்த இடத்தில் அளந்தாலும் பாதி வரவில்லை. கையேட்டைப் படித்து அளவுகோலை எடுப்பவரிடம் ‘அரை’ என்று சொல்லி 6 செ.மீ. பட்டையைத் தேட வைக்கக் கூடாது.

இனி என் பரிந்துரை. உயரம் குறைந்ததைச் சொல்லத் தமிழர் வாயில் முதலில் வரும் சொல் குட்டை; அதன் எதிர்ச்சொல் நெட்டை. இரண்டும் இணையாகவே பிறந்தவை போல நிற்கின்றன. இதைக் கலைச்சொல்லாக ஆள்வது புதிதும் அன்று. வேளாண் துறையின் தமிழ் ஏடுகளைப் பாருங்கள்: தென்னையில் நெட்டை ரகம், குட்டை ரகம், இரண்டையும் கலந்த நெட்டை × குட்டை வீரிய ஒட்டு ரகம். 1966இல் வெளிவந்த ஐஆர்8 நெல்லைக் குட்டை ரகம் என்றே எழுதினார்கள். உழவரும் ஆய்வாளரும் ஒரே சொல்லைப் பேசினார்கள். எவரும் விளக்கம் கேட்கவில்லை. ‘குறைசுயவிவரத் தென்னை’ என்று எவரும் எழுதாததற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். வேளாண்மைக்குக் கிடைத்த அந்த நல்லூழ் கணினிக்கும் கிடைக்கட்டும்.

> ‘குட்டை அட்டை’ என்றால் குளம் குட்டையில் இருக்கும் அட்டைப்பூச்சி நினைவுக்கு வராதா?

வரும். இதை எழுப்பிய அம்மையாருக்கு நன்றி; இந்த இழையிலேயே மிக வலுவான மறுப்பு இதுதான். இரண்டு சொல்லுக்கும் இன்னொரு பொருள் இருப்பதாலும், அவை அருகருகே நிற்பதாலும், பொருள் நீருக்குள் போய்விடுகிறது. இதற்காகக் குட்டையைக் கைவிட வேண்டியதில்லை. சொற்களைப் பிரித்து வைத்தால் போதும். வேளாண் ஏடுகள் ‘ரகம்’ என்பதை நடுவில் வைத்தது போல, நாம் ‘வகை’ என்பதை வைப்போம்: குட்டை வகை வரைகலை அட்டை. எதிரே நெட்டை வகை. அட்டவணையில் ‘உயரம்’ என்ற தலைப்பின் கீழ் ‘குட்டை’, ‘நெட்டை’ என்று மட்டும் போட்டாலும் புரியும். மனிதரைக் குட்டை என்பது புண்படுத்தும் என்ற கருத்தையும் பார்த்தேன். மனிதரைப் பற்றிய இடத்தில் அது சரியான கவலை; உலோகப் பட்டைக்கு அந்தப் புண் இல்லை.

உலோகப் பட்டை என்றதும், அதற்கும் ஒரு பெயர் வேண்டும். கடைகளில் ‘பிராக்கெட்’ என்கிறார்கள். நான் பின்பட்டை என்று எழுதிவருகிறேன். இது சிறிய செய்தி போலத் தோன்றும். ஆனால் பழைய அட்டை வாங்குபவரைக் கவிழ்ப்பது பெரும்பாலும் இதுதான். குட்டை வகை அட்டைகள் பலவும் புதிதாக வரும்போது நெட்டைப் பின்பட்டை பொருத்தப்பட்டு, குட்டைப் பின்பட்டை தனியே உறையில் வரும். கைமாறி வரும்போது அந்த உறை காணாமல் போயிருக்கும். பலகை குட்டையாக இருந்தும் பெட்டியை மூட முடியாது. ‘குட்டைப் பின்பட்டை உண்டா எனக் கேட்டு வாங்குக’ என்று ஒரே வரியில் கையேட்டில் எழுத முடிகிறது என்றால், சொற்கள் சரியாக அமைந்துவிட்டன என்று பொருள்.

அடுத்து மின்சாரம். வரைகலை அட்டையை மாட்டும் பிசிஐ எக்ஸ்பிரஸ் நீளச் செருகிடம் ஓர் அட்டைக்கு அதிக அளவாக 75 வாட் தரலாம். அதற்கு மேல் வேண்டுமானால் மின்வழங்கியிலிருந்து தனிக் கம்பி வர வேண்டும்: ஆறு ஊசி இணைப்பில் இன்னொரு 75 வாட், எட்டு ஊசியில் 150 வாட். 7010இன் சிறுவடிவப் பெட்டியில் உள்ள மின்வழங்கி 240 வாட்தான். அதில் இந்தக் கம்பிகள் கிடையாது. இந்தத் தனிக் கம்பிக்குத் ‘துணைமின் இணைப்பு’ என்ற பரிந்துரையை முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். ஜிடி 1030 வெறும் 30 வாட், துணைமின் வேண்டாதது. ஜிடிஎக்ஸ் 1650 75 வாட். அதில் துணைமின் வேண்டாதவையும் உண்டு, ஆறு ஊசி வைத்து விற்றவையும் உண்டு. வன்தட்டுக்கு மின்சாரம் தரும் சேட்டா இணைப்பிலிருந்து ஆறு ஊசிக்கு மாற்றித் தரும் கம்பியை வாங்க வேண்டாம் என்று கையேட்டில் கண்டிப்பாக எழுதுங்கள். சேட்டா மின் இணைப்பின் 12 வோல்ட் பகுதி 54 வாட்டுக்கு மேல் தாங்க வடிவமைக்கப்பட்டதன்று. 75 வாட் இழுத்தால் அது உருகக்கூடும்.

செருகிடத்தில் தரவு செல்லும் வழியான ‘லேன்’ என்பதற்குத் ‘தடம்’ போதும். இதில் நீண்ட விவாதம் தேவையில்லை. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400 அட்டையின் செருகுமுனை நீளமாக இருந்தாலும் அது பயன்படுத்துவது நான்கு தடம் மட்டுமே. நான்காம் தலைமுறைச் செருகிடத்தில் அது குறையாகத் தெரியாது. சில பழைய அலுவலகக் கணினிகளில் உள்ள இரண்டாம் தலைமுறைச் செருகிடத்தில் அதே நான்கு தடம் நொடிக்கு 2 கிகாபைட்தான் கடத்தும்.

‘அப்டேட்’, ‘அப்கிரேடு’ இரண்டையும் மேம்படுத்தல் என்றே எழுதியிருக்கும் பகுதியைத் திருத்த வேண்டும். அட்டையை இயக்கும் மென்பொருளான இயக்கியின் புதிய பதிப்பை நிறுவுவது இற்றைப்படுத்தல். அட்டையையே மாற்றுவது மேம்படுத்தல். ஜிடி 710 வைத்திருப்பவருக்கு என்விடியாவின் 470 வரிசை இயக்கியோடு இற்றைப்படுத்தல் முடிந்துவிட்டது. அவருக்கு எஞ்சியிருப்பது மேம்படுத்தல் மட்டுமே. இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தால் இந்த வரியை எழுதவே முடியாது.

கையேட்டின் சொல்லடைவுக்கு என் வரைவு:

குட்டை வகை அட்டை: சுமார் 8 செ.மீ. பின்பட்டையுடன் சிறுவடிவப் பெட்டியில் பொருந்தும் விரிவாக்க அட்டை. கடை வழக்கு: லோ புரொஃபைல். வேகத்தையோ தடிமனையோ குறிக்காது.

கடை வழக்கை அடைவில் சேர்ப்பதை எவரும் தமிழுக்குக் குறைவாக எண்ண வேண்டாம். கடைக்காரரிடம் நம் சொல் இன்னும் போய்ச் சேரவில்லை. வாங்குபவர் இரண்டையும் கையில் வைத்திருக்கட்டும்.

யாழ்ப்பாணத்து நண்பர்களுக்கு ஒரு கேள்வி. உங்கள் பேச்சில் உயரம் குறைந்தவரைக் கட்டை என்பீர்கள். எழுத்தில் ‘குட்டை வகை’ என்று வந்தால் உங்கள் மாணவர்களுக்கு அது இயல்பாகப் படுமா, அல்லது அடைவில் ‘கட்டை’யையும் இணைச்சொல்லாகச் சேர்க்க வேண்டுமா? உங்கள் மறுமொழி வந்த பிறகே இந்தப் பதிவை இறுதி செய்யலாம் என்பது என் எண்ணம்.

அன்புடன்