தாராவியிலிருந்து கோவைக்கு ஆறு பெட்டி: கூரியரா, லாரி பார்சலா?

கிராஸ்ரோடு தம்பி

எல்லாருக்கும் வணக்கம். தாராவியில் எங்களுக்குப் பை தைக்கும் சின்னப் பட்டறை இருக்கிறது. கோயம்புத்தூர் காந்திபுரத்தில் ஒரு கடைக்கு இதுவரை சாம்பிள் மட்டும் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பிக்கொண்டிருந்தோம். இப்போது முதல் பெரிய ஆர்டர் வந்திருக்கிறது. ஆறு அட்டைப்பெட்டி. உள்ளே ஆபீஸ் பை, காலேஜ் பை, கொஞ்சம் தோல் பர்ஸ். வரியோடு பில் 72,000 ரூபாய்.

ஒரு பெட்டி 60க்கு 45க்கு 50 சென்டிமீட்டர். தராசில் வைத்தால் 11 கிலோதான். கூரியர்காரர் டேப் வைத்து அளந்துவிட்டு ஒரு பெட்டி 27 கிலோ என்கிறார்! எல்லாம் சேர்த்து 5,800 கேட்கிறார். வடாலாவில் லாரி புக்கிங் ஆபீஸில் உருப்படிக்கு 350, பில்டி (லாரி ரசீது) கட்டணம், கூலி எல்லாம் போட்டு 2,400 சொன்னார்கள். அப்பா லாரிதான் என்று நிற்கிறார். எனக்கு முதல் ஆர்டரிலேயே சொதப்பிவிடக் கூடாது என்று பயம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

செம்பூர் அக்கா

தம்பி, கூரியரிலேயே போடு. நான் வீட்டிலிருந்து பொடி, வடகம், கவரிங் நகை என்று ஊருக்கெல்லாம் அனுப்புகிறவள். அந்த 2,400 என்பது 2,400 இல்லை. உன் சந்துக்குள் லாரி வராது. கைவண்டியில் மெயின் ரோடு, அங்கிருந்து டெம்போவில் வடாலா. அங்கே இறக்குகூலி. கோவையில் ஷெட்டுக்கு, அதாவது லாரி ஆபீஸ் கோடவுனுக்கு, வந்ததும் கடைக்காரர் ஆட்டோ பிடித்துப் போய் எடுக்க வேண்டும். இரண்டு நாள் தாமதித்தால் டெமரேஜ், அதாவது ஷெட்டில் கிடந்ததற்கு வாடகை. இதையெல்லாம் கூட்டிப் பார், அப்புறம் பேசு.

எங்கே இருக்கிறது என்று கேட்டால் லாரி ஆபீஸில் என்ன பதில் வரும் தெரியுமா? "வண்டி கிளம்பிடுச்சு." நாலு நாள் கழித்துக் கேட்டாலும் அதேதான். கூரியரில் ஒவ்வொரு ஊரிலும் ஸ்கேன் ஆகும். யார் கையெழுத்துப் போட்டு வாங்கினார் என்பதுவரை வந்துவிடும்.

வடாலா அண்ணாச்சி

வணக்கம் தம்பி. முப்பது வருசத்துக்கு மேலே புக்கிங் கவுன்டரில் உட்கார்ந்தவன் என்பதால் சொல்கிறேன். செம்பூர் அக்கா அனுப்புவது பொடி. அது கனமான சரக்கு, சின்னப் பொட்டலம். அவருக்குக் கூரியர்தான் சரி. உங்களுடையது பை. பை என்றால் பாதி காற்று.

அந்த 27 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 60, 45, 50 மூன்றையும் பெருக்கினால் 1,35,000. அதை 5,000 ஆல் வகுத்தால் 27. இதுதான் கன அளவு எடை. நிஜ எடை, இந்த எடை, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. ஆறு பெட்டியும் சேர்த்து நிஜமாக 66 கிலோ, நீங்கள் கட்டப்போவது 162 கிலோவுக்கு. கிட்டத்தட்ட நூறு கிலோ காற்றைக் கோவைக்கு அனுப்பப் போகிறீர்கள்.

இன்னொன்று, யாரும் சொல்லமாட்டார்கள். முதல் ஆர்டர் என்கிறீர்கள். பணம் முழுதும் வந்துவிட்டதா? லாரியில் போட்டால் பில்டி உங்கள் கையில். கோடவுன் டெலிவரி (ஷெட்டில் வந்து எடுப்பது) என்று போட்டு, பாக்கி வந்த பிறகு கன்சைனி காப்பியை, அதாவது சரக்கு வாங்குகிறவருக்கான பிரதியை, அனுப்பலாம். அது இல்லாமல் ஷெட்டில் சரக்கு தரக்கூடாது. கூரியர் பையன் கதவைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவான். அப்புறம் நீங்கள் போன் போட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

செம்பூர் அக்கா

"தரக்கூடாது" என்பது சட்டம் அண்ணாச்சி. நடப்பது என்ன? கடைக்காரரும் ஷெட்காரரும் வருசக்கணக்காகப் பழக்கம். வாட்ஸ்அப்பில் பில்டி போட்டோவைக் காட்டினால் போதும், ஒன்றுமே காட்டாமலும் தூக்கிப் போவதைப் பார்த்திருக்கிறேன். பில்டியைக் கையில் வைத்துக்கொண்டு தம்பி என்ன செய்வது, பிரேம் போட்டுச் சுவரில் மாட்டுவதா?

மழையை மறந்துவிட்டீர்கள். இது ஜூலை. தார்ப்பாயில் ஒரு கிழிசல் இருந்தால் போதும், அட்டைப்பெட்டி கூழாகிவிடும். தோல் பர்ஸ் ஈரம் பட்டால் வெள்ளைப் பூஞ்சை பிடிக்கும். கடைக்காரர் பிரித்துப் பார்த்ததும் வாசனையிலேயே முடிவு தெரிந்துவிடும்.

வடாலா அண்ணாச்சி

தெரிந்தவருக்கு எடுத்துக் கொடுப்பது உண்டு, மறுக்கவில்லை. பில்டியில் கன்சைனி இடத்தில் "செல்ஃப்" என்று, அதாவது வாங்குகிறவரும் நீங்களே என்று, எழுதச் சொல்லுங்கள். அப்புறம் எந்த ஷெட்காரனும் துணியமாட்டான், கேட்டால் அவன் தலைதான் உருளும்.

மழை கூரியருக்கு மட்டும் குடை பிடிக்கிறதா? தரைவழிக் கூரியரும் பிவண்டி கோடவுனுக்குப் போய் லாரியில்தான் ஏறுகிறது. நடுவில் இரண்டு மூன்று இடத்தில் இறக்கி ஏற்றுகிறார்கள். பெல்ட்டில் விழுகிற அடி வேறு. அட்டைப்பெட்டியோடு எதிலும் போடாதீர்கள் என்றுதான் சொல்வேன். உள்ளே பாலித்தீன் உறை, வெளியே பிளாஸ்டிக் நெசவுச் சாக்கு, வாயைத் தைத்துவிடுங்கள். சாக்கில் பெயர் எழுதும்போது தண்ணீர் பட்டால் கலையாத மார்க்கர்.

சயான் பயணி

ரயிலை ஏன் யாரும் சொல்லவில்லை? எல்டிடியிலிருந்து (லோக்மான்ய திலக் டெர்மினஸ்) குர்லா எக்ஸ்பிரஸ் நேராகக் கோயம்புத்தூர் போகிறதே. பார்சல் ஆபீஸில் எடைக்குத்தான் காசு என்று கேள்வி.

வடாலா அண்ணாச்சி

ரயில் நல்லதுதான், உங்கள் பெட்டியை அந்த வண்டியில் ஏற்றினால். பார்சல் வேனில் இடம் இல்லையென்றால் பிளாட்பாரத்திலேயே கிடக்கும். போய்ச் சேர்ந்ததும் நேரத்துக்கு எடுக்காவிட்டால் வார்ஃபேஜ் என்ற தாமதக் கட்டணம் ஏறும். மோட்டார் பைக் அனுப்புகிறவர்களுக்குச் சரி. கடைச் சரக்குக்கு யாராவது இரண்டு ஸ்டேஷனிலும் நிற்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை

சண்டை நடக்கட்டும், சில கணக்குகளைச் சரி செய்கிறேன்.

முதலில் அண்ணாச்சி சொன்ன காற்றுக் கணக்கு. உருப்படிக்கு இவ்வளவு என்பது பழைய புக்கிங் ஆபீஸ்களில்தான். கம்ப்யூட்டர் பில் போடும் பெரிய கார்கோ கம்பெனிகளும் அளக்கிறார்கள். அவர்கள் கன அடிக் கணக்கு: மூன்று அளவையும் பெருக்கி 27,000 ஆல் வகுத்தால் தம்பியின் பெட்டி 5 கன அடி. கன அடிக்கு 8 கிலோ என்று ஒப்பந்தத்தில் இருந்தால் 40 கிலோ! கூரியர்காரரின் 27ஐ விட அதிகம். "தரைவழி, அதனால் மலிவு" என்று நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். கன அடிக்கு எத்தனை கிலோ என்று கேட்டுவிட்டு, அப்புறம் கிலோவுக்கு எத்தனை ரூபாய் என்று கேளுங்கள்.

வரி: கூரியருக்கு 18 சதவீதம். லாரிக்குப் பெரும்பாலும் 5, அதுவும் ரிவர்ஸ் சார்ஜ். அதாவது வாடகை யார் கொடுக்கிறாரோ அவர் கட்ட வேண்டும். டூ-பே (சரக்கு எடுக்கிறவர் வாடகை கட்டுவது) என்று போட்டால் அது கோவைக் கடைக்காரர் தலையில். ஜிஎஸ்டி பதிவு உள்ளவருக்கு இரண்டுமே அவர் கட்ட வேண்டிய வரியில் கழிந்துவிடும் என்பதால் 18ஐப் பார்த்து மிரள வேண்டாம். 5,800 என்று சொன்னாரே, அதில் வரி போக எவ்வளவு என்று பாருங்கள், வித்தியாசம் குறையும்.

இ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி மின்சீட்டு): 72,000 என்றால் கட்டாயம் வேண்டும், வரம்பு 50,000. மும்பை கோவை 1,200 கிலோமீட்டருக்கு மேல். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் 7 நாள் கிடைக்கும். லாரி என்றால் டிரான்ஸ்போர்ட்டர் ஐடியை மட்டும் போட்டுக் கொடுத்தால் போதும், வண்டி எண்ணை அவர்கள் ஏற்றுவார்கள். தாராவியிலிருந்து வடாலா 50 கிலோமீட்டருக்குள் என்பதால் உங்கள் டெம்போ எண் தேவையில்லை.

நஷ்ட ஈடு பற்றி இரண்டு பேருமே வாய் திறக்கவில்லை. 2007ஆம் ஆண்டு சாலைவழிச் சரக்குச் சட்டமும் 2011 விதிகளும் சொல்வது இது: மதிப்பைத் தனியாக அறிவித்து அதற்கான கூடுதல் கட்டணம் கட்டாவிட்டால், லாரிக் கம்பெனியின் பொறுப்பு வாடகையில் பத்து மடங்கு வரைதான். 2,400க்கு 24,000. சரக்கோ 72,000. புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்காவிட்டால் வழக்கும் போட முடியாது. கூரியர் ரசீதைத் திருப்பிப் பாருங்கள், பலவற்றில் பொடி எழுத்தில் இதைவிடச் சின்னத் தொகை அச்சடித்திருக்கும். அக்கா சொல்லும் ஸ்கேன், பெட்டி எந்த ஊரில் தொலைந்தது என்று சொல்லும், அவ்வளவுதான். பணம் வேண்டுமென்றால் டிரான்சிட் இன்சூரன்ஸ் போடுங்கள். கடலே இல்லாத வழிக்கும் அதற்கு மரைன் பாலிசி என்றுதான் பெயர், ஏஜென்டிடம் அப்படிக் கேளுங்கள்.

செம்பூர் அக்கா

பிள்ளைவாள் சொன்ன இன்சூரன்ஸ் நியாயம். ஆனால் கூரியரிலேயே ரிஸ்க் கவர் என்று தனியாகக் கட்டலாம், அதற்கு ஏஜென்டைத் தேடி அலைய வேண்டாம். லாரி பில்டியில் "ஓனர்ஸ் ரிஸ்க்" (நஷ்டம் சரக்குக்காரர் தலையில்) என்று ரப்பர் ஸ்டாம்பு குத்தியிருப்பார்களே, அதைப் பார்த்த பிறகுமா அங்கே போவது?

கணக்குப்பிள்ளை

அந்த ஸ்டாம்பு மட்டும் சட்டத்தை அழித்துவிடாது அக்கா. கவர் வாங்கும்போது உடைவதற்கும் நனைவதற்கும் சேர்த்தா, தொலைந்தால் மட்டுமா என்று படித்துவிட்டு வாங்கச் சொல்லுங்கள்.

பீளமேடு பேக்கடை

பத்து வருசம் மாட்டுங்காவில் இருந்துவிட்டு இப்போது கோவையில் கடை வைத்திருக்கிறேன். வாங்குகிற பக்கத்திலிருந்து ஒன்று. மும்பை சரக்கு எனக்கு லாரியில்தான் வரும், ஸ்கூல் திறக்கிற சீசனில் மட்டும் கூரியர். கடை வேலை நடுவே ஷெட்டுக்குப் போவது பெரிய தொல்லை. ஆள் அனுப்பினால் அரை நாள் போச்சு. அந்தச் செலவை அடுத்த பில்லில் கழித்துவிடுவேன், எல்லாக் கடைக்காரரும் அப்படித்தான். அதனால் தம்பி வாடகையை அங்கேயே கட்டி, டோர் டெலிவரி என்று போட்டுவிடட்டும். 400, 500 கூடும்.

"செல்ஃப்" பில்டி போட்டு முதல் ஆர்டரிலேயே பணத்துக்குப் பூட்டுப் போட்டால் எனக்கு என்றால் கோபம் வரும். பாதி முன்பணம் வாங்கியிருந்தால் அதோடு விடுங்கள்.

வடாலா அண்ணாச்சி

வாங்குகிறவர் அப்படித்தான் சொல்வார். பாக்கி நின்ற பட்டறைக்காரர்களை நான் கவுன்டரில் பார்த்தவன்.

கிராஸ்ரோடு தம்பி

எல்லாருக்கும் நன்றி. பாதி முன்பணம் வந்துவிட்டது. பெட்டிகளைப் பிரித்து மறுபடி அடுக்கிப் பார்த்தோம். காலேஜ் பைக்குள் ஆபீஸ் பையை நுழைத்து, உள்ளே அடைத்திருந்த காகிதத்தைக் குறைத்து, பர்ஸை வெளியே எடுத்ததும் ஆறு பெட்டி நாலாகிவிட்டது. பர்ஸ் மொத்தம் 5 கிலோ, 18,000 ரூபாய் சரக்கு. 30க்கு 25க்கு 20 பெட்டியில் அடங்கிவிட்டது. கன அளவுப்படி 3 கிலோதான் வருகிறது, ஆக நிஜ எடைக்குத்தான் காசு. பர்ஸைக் கூரியரிலும் பையை லாரியிலும் அனுப்பலாமா? இரண்டு பில் போட்டால் ஜிஎஸ்டி ஆள் பிடிப்பானா?

கணக்குப்பிள்ளை

வேறு வேறு சரக்கு, வேறு வேறு வண்டி, தனித்தனி பில். தாராளமாகப் போடலாம். பை பில் 54,000 வருகிறது, அதற்கு இ-வே பில் வேண்டும். அதையும் இரண்டாக வெட்டி 50,000க்குக் கீழே கொண்டுவரும் யோசனை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒரே லாரியில் ஒரே கடைக்கு ஒரே நாளில் இரண்டு பில்லை வழியில் சோதனையில் பார்த்தால் கேள்வி வரும்.

செம்பூர் அக்கா

பர்ஸாவது கூரியரில் போகிறதே, சந்தோஷம். ஆனால் நாலு பெட்டிக்குக் கூரியர் 108 கிலோதான் ஆகும், ரேட் மறுபடி கேட்டாயா? ஒரே ஆளிடம் கொடுத்தால் தலைவலி ஒன்றுதானே.

கிராஸ்ரோடு தம்பி

கேட்டேன் அக்கா. 3,900 சொன்னார். லாரி டோர் டெலிவரியோடு 2,100. அப்பா சிரிக்கிறார். இன்சூரன்ஸ் போட்டுவிடுகிறேன். பை ஒட்டும் பசை டப்பா ஒன்றும் கோவைக் கடைக்காரருக்கு வேண்டுமாம், அதைப் பர்ஸ் பெட்டியில் வைக்கலாமா?

வடாலா அண்ணாச்சி

வேண்டவே வேண்டாம். அது தீப்பிடிக்கும் சரக்கு, விமானத்தில் ஏறாது. எக்ஸ்ரேயில் மாட்டினால் பர்ஸும் சேர்ந்து நிற்கும். கோவையிலேயே வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். சனிக்கிழமை மாலை புக் பண்ணாதீர்கள், திங்கள் வரைக்கும் ஷெட்டில்தான் கிடக்கும். செவ்வாய் காலையில் கொண்டு வாருங்கள், அன்றைக்கு ராத்திரி வண்டியிலேயே ஏறிவிடும்.

செம்பூர் அக்கா

ஏறினால் இங்கே வந்து சொல், தம்பி. "வண்டி கிளம்பிடுச்சு" என்று யார் சொன்னாலும் வண்டி எண் கேட்டு வாங்கு.