'மிஸஸ் மினிவர்' நல்ல படமா, பிரசாரமா?

ரீல்பெட்டி:
1942-ல வந்த ஹாலிவுட் படம் 'மிஸஸ் மினிவர்' நேத்து ராத்திரி மறுபடி பார்த்தேன். இரண்டாம் உலகப்போர்ல மாட்டிக்கிட்ட ஒரு இங்கிலாந்துக் குடும்பத்தோட கதை. 12 ஆஸ்கர் பரிந்துரை, 6 விருது. சிறந்த படம், இயக்குநர் வில்லியம் வைலர், நடிகை கிரீர் கார்சன் எல்லாம் அதுல அடக்கம். இன்னிக்குப் பார்த்தா முதல் பாதி முழுக்கப் புதுத் தொப்பியும் ரோஜாப்பூப் போட்டியும்தான். ஹாலிவுட்ல எம்ஜிஎம் ஸ்டுடியோவுக்குள்ள செட் போட்ட இங்கிலாந்து. கடைசியில குண்டு விழுந்த தேவாலயத்துல பாதிரியார் பிரசங்கம். அதைத் துண்டறிக்கையா அச்சடிச்சு ஐரோப்பா மேல போடச் சொன்னார் அப்போதைய அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட். அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? போர்க்கால ஆஸ்கர் படங்களைத் தலையில தூக்கி வெச்சு ஆடினது போதும்.

டூரிங்டாக்கீஸ்:
கடுமையாக மறுக்கிறேன் நண்பரே. படப்பிடிப்பு தொடங்கியது 1941 நவம்பரில். அமெரிக்கா அப்போது போரிலேயே இல்லை. மினிவர் வீட்டுச் சமையலறைக்குள் நுழையும் ஜெர்மன் விமானியை ரொம்பக் கெட்டவனாகக் காட்ட வேண்டாம் என்று எம்ஜிஎம் தலைவர் லூயி மேயர் தடுத்தார். வைலர் அசைந்து கொடுக்கவில்லை. பிரான்ஸ்-ஜெர்மனி எல்லையில் உள்ள அல்சாஸில் பிறந்த யூதர் அவர். ஹிட்லரின் பிடியிலிருந்து தப்ப, அங்கிருந்து பலரை அமெரிக்காவுக்குக் கொண்டுவரப் பிணைக் கையெழுத்துப் போட்டவர். டிசம்பரில் ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கி அமெரிக்கா போருக்குள் வந்த பிறகுதான் அந்தக் காட்சிக்கு முழு வேகம் வந்தது. அரசாங்கம் சொல்லி எடுத்த படம் என்று இதைத் தள்ளுவது அநியாயம்.

பதுங்குகுழிக் காட்சியை மறந்துவிட்டீர்களா? தகரக் கூரைக்குக் கீழே குழந்தைகள் தூங்குகின்றன. அம்மா பின்னிக்கொண்டிருக்கிறாள். கணவனும் அவளும் 'ஆலிஸ்' கதையின் கடைசி வரிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே சத்தம் நெருங்குகிறது. குண்டு விழும்போது கேமரா குழிக்குள்ளேயே இருக்கிறது. குழி ஆடுகிறது, பிள்ளைகள் அலறுகின்றன, அவ்வளவுதான். குண்டுவீச்சை இதைவிட நெருக்கத்தில் எனக்குக் காட்டிய படம் இல்லை.

இன்னொன்று. மகன் விமானப்படையில் இருக்கிறான், சாகப்போவது அவன்தான் என்று நினைத்துப் பயந்துகொண்டே பார்க்கிறோம். செத்துப்போவது ஊரிலேயே இருந்த அவனுடைய இளம் மனைவி. பிரசாரம் மட்டும் நோக்கமாக இருந்தால் வீரனைச் சாகடித்து மாலை போட்டிருப்பார்கள்.

ரீல்பெட்டி:
பதுங்குகுழிக் காட்சியை ஒத்துக்கறேன் சார். பிரசங்கத்தை ஒத்துக்கவே மாட்டேன். மருமக சாவு நம்மைத் தாக்கி முடிக்கறதுக்குள்ள பாதிரியார் வந்து அதுக்குப் பொருள் சொல்லிடறார். கூரையில இருக்கற ஓட்டை வழியா போர்விமானம் வரிசையாப் பறக்குது. துக்கத்துக்கு நேரமே கொடுக்கலை.

பால்கனிசீட்டு:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். வைலருக்கே இதில் நிறைவு இல்லை. விருது விழா நடந்தபோது அவர் ராணுவ விமானப்படையில் இருந்தார். சிலையை வாங்கியது மனைவி. குண்டுவீச்சு விமானங்களில் ஏறிப் படம்பிடித்தார், காது கேட்கும் திறனைப் பெருமளவு இழந்தார். போரை மேலோட்டமாகத்தான் தொட்டிருந்தேன் என்று 'மினிவர்' பற்றி அவரே பின்னால் சொன்னார். அந்தக் கடனை அடைத்த படம், போர் முடிந்து வீடு திரும்பும் வீரர்களைப் பற்றி 1946-ல் வந்த 'தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்'. அதில் கைகளை இழந்து திரும்பும் வீரன் ஹோமராக வரும் ஹரால்ட் ரஸல் நடிகரே அல்ல. 1944-ல் ராணுவப் பயிற்சியில் வெடிமருந்து வெடித்து இரண்டு கைகளையும் இழந்தவர். இரவில் தன் அறையில், கைகளுக்குப் பதிலான இரும்புக் கொக்கிகளை மாட்டியிருக்கும் வாரைக் கழற்றிக் கட்டிலில் வைத்துவிட்டு, இனி ஒரு கதவைக்கூடத் தன்னால் திறக்க முடியாது என்று காதலியிடம் சொல்வார். அவள் அவருடைய சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுவாள். பிரசங்கம் செய்ய அங்கே யாரும் இல்லை.

ரீல்பெட்டி:
அதைத்தான் சொல்றேன்! அதே மனுஷன் நாலு வருஷம் கழிச்சு எடுத்ததுதான் படம்.

டூரிங்டாக்கீஸ்:
நான் அப்படிப் பிரிக்கமாட்டேன். 1946-ல் போர் முடிந்துவிட்டது. யார் ஜெயித்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். 1942-ல் தெரியாது. அந்தப் பிரசங்கத்தைப் படப்பிடிப்புக்கு முந்தைய இரவு வைலரும் பாதிரியாராக நடித்த ஹென்றி வில்காக்ஸனும் உட்கார்ந்து திருத்தி எழுதினார்கள். தோற்றுப்போகலாம் என்ற பயத்தில் எழுதியது, நண்பரே. அந்தப் பயத்தோடு இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள்.

ரீல்பெட்டி:
இந்த வாரக் கடைசியில கேட்டுட்டு வர்றேன். கூரை ஓட்டை மேல எனக்கு இருக்கற கோபம் மட்டும் அப்படியேதான் இருக்கு.