"வெளிய தெரியாதுல்லா?" வீட்டுக்குள்ள பூட்டி வச்ச விஷயமும் மனசும்: பார்த்தவங்க எழுதுங்க

வாகையடி முக்கு:
மனநல ஓ.பி.க்கு "எங்க வீட்டுல ஒரு ரகசியம் இருக்கு, அதான் தூக்கம் வரல"ன்னு சொல்லிக்கிட்டு யாரும் வர்றதில்ல. வர்றது தலைவலி, நெஞ்செரிச்சல், படபடப்பு, "உடம்பெல்லாம் காந்துது". ஈசிஜி சரி, தைராய்டு சரி, ஸ்கேன் சரி. மூணாவது தடவை வரும்போது, துணைக்கு வந்தவங்க டீ குடிக்கப் போன இடைவெளியிலதான் வாய் திறக்கும்: "ஒண்ணு சொன்னா வெளிய தெரியாதுல்லா?"

அதுக்கு நேரா பதில் சொல்லிட்டுத்தான் மேல கேக்கணும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் 23ஆம் பிரிவுப்படி அவங்க சொல்றதை வெளிய விடக் கூடாது. அவங்க உயிருக்கோ இன்னொருத்தருக்கோ ஆபத்து, கோர்ட் உத்தரவு மாதிரி சில விலக்கு உண்டு. அந்த விலக்கையும் முதல்லயே சொல்லிரணும். பாதியில சொன்னா அதோட அந்த ஆள் திரும்ப வர மாட்டார்.

மறைக்கிறதுதான் களைப்புன்னு நினைக்கிறோம். ரகசியம் பத்தி ஆராயுற உளவியலாளர் மைக்கேல் ஸ்லெபியன் குழு 2017ல வெளியிட்ட ஆய்வுல வேற மாதிரி தெரிஞ்சது. ஆள் எதிர்ல பேச்சை மாத்த வேண்டி வர்றதைப் போல ரெண்டு மடங்கு, தனியா இருக்கும்போது மனசு தானா அங்க போகுது. உடம்பையும் மனசையும் கெடுக்கிறது அந்தப் போக்குவரத்துதான். நம்ம நெல்லைப் பக்கம் பீடி சுத்துற வீடுகள்ல இதை நல்லாப் பார்க்கலாம். கை பாட்டுக்கு ஆயிரம் பீடி சுத்தும், மனசுக்கு வேலை இருக்காது. "கடைக்குப் போனா நல்லா இருக்கேன், தட்டைத் தூக்கி மடியில வச்சா ஆரம்பிச்சிருது"ம்பாங்க.

யார்கிட்டயும் சொல்ல முடியாத நிலைல இருக்கிறவங்களுக்கு எழுதச் சொல்லலாம். உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986ல செஞ்ச முறை: தொடர்ந்து நாலு நாள், நாளுக்கு 15 நிமிஷம், நடந்ததையும் அதுபத்தி மனசுல இருக்கிறதையும் சேர்த்து எழுதணும். நடந்ததை மட்டும் எழுதினா போலீஸ் புகார் மாதிரி ஆயிரும், பலன் குறைவு. எழுதின அன்னைக்கு மனசு இன்னும் கனக்கும், அது கோளாறில்ல. கை நடுங்கி மூச்சு வாங்கினா நிறுத்திட்டு வேற எதையாவது எழுதணும். சாவோ விபத்தோ நடந்து சில வாரம்கூட ஆகாதவங்களுக்கு வேண்டாம்.

இங்க கெட்டுப்போறது முறையில இல்ல, நோட்டுல. பிள்ளையோட பழைய ரஃப் நோட்டுல எழுதி அரிசி டின்னுக்குப் பின்னால வைப்பாங்க. ஒரு வாரத்துல அது மாமியார் கையில இருக்கும். தனித்தாள்ல எழுதணும், அன்னைக்கே கிழிச்சுத் தனி வாளித் தண்ணில போட்டுக் கரைக்கணும். பால்பாயிண்ட் மை கரையாது, இங்க் பேனா வேணும்.

கல்லிடை அப்பளம்:
கல்யாணத்துக்காக மறைக்கிற மாத்திரை பத்தி எழுதுறேன்.

பொண்ணுக்கு வலிப்பு. சோடியம் வால்ப்ரோயேட் ஓடுது. நிச்சயம் ஆனதும் அம்மா செய்ற முதல் வேலை, மாத்திரையை அட்டையில இருந்து பிதுக்கி விட்டமின் டப்பாவுல போட்டுக் குடுத்து அனுப்புறது. அந்த மருந்து காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். ஐப்பசி அடைமழையில டப்பாவுக்குள்ளயே பிசுபிசுத்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிரும். அப்புறம் எவ்வளவு மருந்து உள்ள போகுதுன்னு யாருக்கும் தெரியாது. அட்டையைக் கத்தரிச்சு ஒவ்வொரு குமிழா வச்சாலும் பரவால்ல, பிதுக்கக் கூடாது.

அடுத்தது "கல்யாணம் முடியட்டும், அதுவரைக்கும் நிறுத்தி வைப்போம்". திடீர்னு நிறுத்தினாலே வலிப்பு வரும். அதோட கல்யாண வீட்டுல ரெண்டு மூணு ராத்திரி முழிப்பு, அதுவும் தூண்டும். ரெண்டும் சேர்ந்தா எது நடக்கக் கூடாதுன்னு மறைச்சாங்களோ அது மண்டபத்துலயே நடக்கும்.

இதெல்லாம் தப்பினாலும், மாமியார் எப்ப தூங்குறாங்களோ அதுதான் மாத்திரை நேரம். பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு முழுங்குறது. நேரம் தவறுறது ஒரு பக்கம், தினமும் ரெண்டு வேளை "நான் களவாணி"ன்னு தனக்கே சொல்லிக்கிறது இன்னொரு பக்கம். ஆறு மாசத்துல வலிப்பை விடப் பதற்றம் பெரிய நோயா நிக்கும். கர்ப்பம் வேற இருக்கு. வால்ப்ரோயேட் கருவோட முதுகுத்தண்டையும், பின்னால பிள்ளையோட அறிவு வளர்ச்சியையும் பாதிக்கக்கூடிய மருந்து. முதுகுத்தண்டு மூடுறது கரு தங்கின முதல் நாலு வாரத்துல. "நாள் தள்ளிப்போச்சு"ன்னு தெரிஞ்சு ஒளிஞ்சு ஒளிஞ்சு டாக்டர்ட்ட வரும்போது அந்தக் காலம் முடிஞ்சிருக்கும். மருந்து மாத்துறது, ஃபோலிக் அமிலம் தொடங்குறது எல்லாம் முன்கூட்டியே நடக்கணும். பயந்துபோய்த் தானா நிறுத்துறதும் ஆபத்துதான்.

சட்டம் பலருக்குத் தெரியாது. இந்து திருமணச் சட்டத்துல வலிப்பு ஒரு தடையா இருந்ததை 1999லயே எடுத்தாச்சு. ஆனா மறைச்சு ஏமாத்தினாங்கன்னு, கல்யாணத்தை ரத்து செய்யக் கேட்டு 12ஆம் பிரிவுல வழக்கு போட வழி இருக்கு, தெரிய வந்து ஒரு வருஷத்துக்குள்ள போடணும்.

எப்ப சொல்லணும்? பார்த்துப் பிடிச்ச பிறகு, வெத்தல பாக்கு மாத்துறதுக்கு முன்னாடி. தரகர் வழியா வேண்டாம், மாப்பிள்ளைகிட்ட நேரா. நோய் பேரு, மருந்து, கடைசியா எப்ப வந்தது, இந்த மூணும் போதும். டாக்டர் கடிதம் கையில இருக்கட்டும். "சின்ன வயசுல லேசா மயக்கம் வரும்"னு அரைகுறையா சொல்றதுதான் பின்னால ரொம்ப அடிக்கும்.

அம்பை வாய்க்கால்:
தீராத நோயாளிகளை வீட்டுக்குப் போய்ப் பார்க்கிற வலிதணிப்பு நர்ஸ் பக்கம் இருந்து. மகன் வாசல்லயே மறிச்சு, "சிஸ்டர், அம்மைக்குப் புத்துநோய்னு தெரியாது, அல்சர்னு சொல்லிருக்கோம், நீங்க உளறிராதீங்க"ம்பாரு. உள்ள போனா அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு, "எனக்கு என்னன்னு தெரியும்மா. பிள்ளையளுக்குத் தெரிஞ்சா தாங்காது, சொல்லிராதீங்க"ம்பாங்க. ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் நடிச்சு, யாரும் அழ முடியாம கிடப்பாங்க. "வீட்டை யாருக்கு எழுதணும், நகையை யாருக்குக் குடுக்கணும்" எல்லாம் பேசாமலே போயிரும். துட்டி வீட்டுல பிள்ளைகளோட புலம்பலே அதுதான்: "ஒரு வார்த்தை பேசலியே".

மகன்கிட்ட சண்டை போடக் கூடாது, அவர் பாசத்துலதான் மறைக்கார். "சொன்னா என்ன ஆயிரும்னு பயப்படுதீங்க?"ன்னு அவரைப் பேச விடணும். "நானா எதுவும் சொல்ல மாட்டேன், அம்மா கேட்டா பொய்யும் சொல்ல மாட்டேன்"னு ஒரு உடன்பாட்டுக்கு வரணும். அப்புறம் அம்மாகிட்ட, "உங்களுக்கு என்னன்னு டாக்டர் சொல்லிருக்காவ?" அடுத்து, "இன்னும் தெரிஞ்சுக்கணுமா, இல்ல மகனே பார்த்துக்கிடட்டுமா?" வேண்டாம்னா அங்கயே நிறுத்தணும். அவங்க கேட்ட அளவுக்கு ஒரு கரண்டி, அதுக்கு மேல ஊத்தக் கூடாது.

மறைக்கிறதால வலி மருந்தும் கெடும். சாதா மார்ஃபின் மாத்திரை நாலு மணி நேரத்துக்கு ஒருக்க குடுக்கணும். அட்டையை ஒளிச்சு, பேரைச் சுரண்டி, "வலி தாங்கலன்னா மட்டும்"னு குடுக்கும்போது வலி ஏறின பிறகுதான் மருந்து போகும். அப்ப அதே அளவு பத்தாது.

மேலப்பாளையம் தறி:
கடன் பத்திச் சுருக்கமா. வீட்டுக்காரருக்குத் தெரியாம வாங்கின குழுக் கடன், வார வட்டி. தவணை செவ்வாய்க்கிழமைன்னா திங்கள் ராத்திரி வயித்தால போகும். "எந்தக் கிழமை அதிகமா இருக்கு?"ன்னு கேட்டாலே பாதி வெளிய வந்துரும்.

முதல் தடவை முழுத்தொகை வராது. பெரிய கடனை விட்டுட்டு சின்னதைச் சொல்லுவாங்க. வீட்டுக்காரர் திட்டிட்டு நகையை வச்சு அடைப்பார், ரெண்டாவது மாசம் மீதி வெடிக்கும். முதல் தடவை மன்னிச்சவர் அந்தத் தடவை மன்னிக்கிறது கஷ்டம். அதனால சொல்றதுக்கு முன்னாடி ஒரே தாள்ல எழுதச் சொல்லணும்: யார்கிட்ட, வாங்கினது, இதுவரை கட்டினது, மீதி, வட்டி, தவணை நாள், அடமானமா என்ன குடுத்தது. வெத்து பாண்டுல கையெழுத்துப் போட்டிருந்தா அதையும். கந்துவட்டிக்கு 2003 தமிழ்நாட்டுச் சட்டம் இருக்கு. 2017 அக்டோபர்ல நெல்லை கலெக்டர் ஆபீஸ்ல கந்துவட்டி தாங்காம ஒரு குடும்பமே தீக்குளிச்சதுக்கு அப்புறம் இந்த ஊருக்கு அதை விளக்க வேண்டியதில்ல.

மாஞ்சோலை மழை:
தத்துப் பிள்ளை. "பதினெட்டு வயசு ஆகட்டும், சொல்லிக்கிடலாம்"னு தள்ளிப்போடுறதுதான் பெரிய தப்பு. அதுக்கு முன்னாடியே ஒரு சடங்கு வீட்டுலயோ பாகப்பிரிவினைச் சண்டையிலயோ யாராவது ஒரு அத்தை உடைச்சிருவாங்க. இல்லன்னா பிளஸ் டூ உயிரியல் பாடம் உடைக்கும். ரத்த வகை அப்பா ஓ, அம்மா ஓ, பிள்ளை பி, பொதுவா அப்படிப் பிறக்காது. ரத்த தான கார்டை வச்சுக்கிட்டுப் பையன் தானே கணக்குப் போட்டுருவான்.

மூணு நாலு வயசுல இருந்தே கதையா சொல்லணும், "வயித்துல இருந்து வரல, தேடிப் போய்க் கூட்டிட்டு வந்தோம்"னு. அர்த்தம் புரியாட்டாலும் அந்தச் சொல் காதுக்குப் பழகிரும். ஆறேழு வயசுல "ஏன் அவங்க என்னை விட்டாங்க?" வரும். தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லுங்க, பெத்தவளைக் கெட்டவளாக்காதீங்க. 2022 தத்தெடுப்பு விதிமுறைப்படி 18 நிரம்பினா தன் பூர்வீகத்தைத் தேடித் தானே விண்ணப்பிக்கலாம். பெத்தவங்க அடையாளம் கிடைக்கும்னு உறுதி இல்ல, அவங்க அந்தரங்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு.

சொல்றதுக்கு முன்னாடி தாத்தா ஆச்சிக்குச் சொல்லி வைங்க. பிள்ளை முதல்ல ஓடிப்போய்க் கேக்கிறது அவங்ககிட்டதான்.

கொடை முடிஞ்ச மறுநாள்:
எல்லாரும் ஒரு தலைமுறை ரகசியம் எழுதுறீங்க. மூணு தலைமுறை தாண்டினது நம்ம மச்சுல இருக்கு. கன்னிப்பெட்டி.

வெளியூர் ஆளுகளுக்கு: கல்யாணம் ஆகாம செத்த பொண்ணை வீட்டுக் கன்னியா கும்பிடுறது இந்தச் சீமையில உண்டு. ஓலைப்பெட்டிக்குள்ள ஒரு சிற்றாடை, கண்ணாடி வளையல், சாந்து. வருஷத்துக்கு ஒருக்க இறக்கிப் புதுசு மாத்துவாங்க. "இது யாரு ஆச்சி?"ன்னு பிள்ளை கேட்டா, "கன்னில்லா, கும்பிட்டுக்கோ". எப்படிச் செத்தா? "கேக்கப்படாது." காய்ச்சல்ல போனவளும் உண்டு. கிணத்துல கிடந்தவளும் உண்டு, ஏன் கிடந்தாங்கிறதை வீடே சேர்ந்து முழுங்கினதும் உண்டு. கும்பிடுறதுக்கு ஒரு வழி வச்ச நம்ம ஆளுக, பேசுறதுக்கு வழி வைக்கல. இது என் அபிப்பிராயம்.

மனநலத்துல இதுக்கு என்ன வேலைன்னா, குடும்ப மரம் வரையும்போது இங்கதான் ஓட்டை விழும். மூணு தலைமுறை, ஆணுக்குச் சதுரம், பொண்ணுக்கு வட்டம், செத்தவங்களுக்குக் குறுக்குக் கோடு, பக்கத்துல வயசும் காரணமும். "வயித்துவலி தாங்காம செத்தார்"னு முப்பது வயசுல ஒருத்தர், "வெளியூர் போனவர் வரல"ன்னு ஒருத்தர், கூடவே ஒரு கன்னி இருந்தா, அந்தக் குடும்பத்துல தற்கொலையோ மனநோயோ இருந்திருக்கலாம்னு மெதுவா விசாரிக்கணும். டாக்டருக்கு இது வம்பு இல்ல, வைத்தியம். குடும்பத்துல இருமுனைக் கோளாறு (பைபோலார், மனசு ஒரு சமயம் அளவுமீறிப் பொங்கி ஒரு சமயம் சோர்ந்து போற நோய்) இருக்கான்னு தெரியாம வெறும் மனச்சோர்வு மாத்திரை மட்டும் எழுதினா சிலருக்கு வெறி கிளம்பும்.

வரையறதுக்குப் பங்குனி உத்திரம் நல்ல நாள்னு நினைப்பீங்க. சொந்தமெல்லாம் சாஸ்தா கோயில்ல கூடுமே. கூட்டத்துல மட்டும் கேக்காதீங்க. பத்துப் பேர் முன்னாடி கேட்டா பத்துப் பேரும் ஒரே பொய்யைச் சொல்லுவாங்க. அன்னைக்கு யார் யாருக்கு என்ன முறைன்னு மட்டும் எழுதிக்கோங்க. ஒரு மாசம் கழிச்சு, வயசான பொம்பளை ஒருத்தர்கிட்ட, தனியா, அவங்க கையில ஏதாவது வேலை இருக்கும்போது கேளுங்க. புளி கொட்டை எடுக்கும்போது வர்ற கதை, நாற்காலியில எதிரெதிரா உக்காந்தா வராது.

வாகையடி முக்கு:
வயித்துவலியோட ஒண்ணு சேர்த்துக்கிடுங்க. தற்கொலைக்கு முயற்சி செஞ்சவரைக் கொண்டு வரும்போது "தெரியாம நடந்துட்டு"ன்னு சொல்றது கேஸ் பயத்துல. விபத்துப் பதிவேட்டுல எழுதத்தான் செய்வாங்க. ஆனா நான் முதல்ல சொன்ன 2017 மனநலச் சட்டத்தோட 115ஆம் பிரிவு அவரைக் கடும் மன அழுத்தத்துல இருந்தவராத்தான் பார்க்கச் சொல்லுது. தற்கொலை முயற்சியைக் குற்றம்னு சொன்ன பழைய தண்டனைச் சட்டம் 309ஆம் பிரிவே 2024 ஜூலை 1ல இருந்து இல்ல. மறைச்சா மனநல டாக்டர் பார்க்காமலே டிஸ்சார்ஜ் ஆகி, அதே வீட்டுக்கு, அதே காரணத்துக்குள்ள திரும்பிப் போறார். ராத்திரி பேச ஆள் வேணும்னா அரசோட மனநல உதவி எண் டெலி மனாஸ் 14416, 24 மணி நேரமும் தமிழ்ல பேசலாம்.

திசையன்விளை தேரிமண்:
அப்ப எல்லாத்தையும் போட்டு உடைக்கச் சொல்லுதீங்களா அண்ணாச்சி? எங்க பக்கம் வேற சாதிப் பையனைப் பிடிச்சிருக்குன்னு பொண்ணு உண்மையைச் சொன்னா உயிர் தங்காது.

கல்லிடை அப்பளம்:
சொல்ல வேண்டாம். பாதுகாப்பான இடம், பணம், சான்றிதழ்கள் கைக்கு வர்ற வரைக்கும் வாய் திறக்க வேண்டியதில்ல, பெண்கள் உதவி எண் 181ஐ அழைக்கலாம். அந்தப் பொண்ணு தன்னைக் காப்பாத்திக்க மறைக்கிறா. அடுத்தவங்க முடிவெடுக்கத் தேவையானதை மறைக்கிறது வேற கணக்கு.

நேர் எதிரா, ஒரு நாள்கூட வைக்கக் கூடாத ரகசியமும் உண்டு. பிள்ளைகிட்ட சொந்தக்காரன் தப்பா நடந்தது. பிள்ளைகளைப் பாலியல் குற்றத்துல இருந்து காக்கிற 2012 போக்சோ சட்டம் 19ஆம் பிரிவுப்படி தெரிஞ்சவங்க புகார் குடுத்தே ஆகணும், "குடும்பத்துக்குள்ள பேசி முடிச்சாச்சு" செல்லாது. குழந்தைகள் உதவி எண் 1098ல சொல்லலாம். பிள்ளைகிட்ட ஆளாளுக்குத் திரும்பத் திரும்பக் கேக்கக் கூடாது. ஒரு தடவை சொன்னதை அதே வார்த்தையில எழுதி வைங்க. பிள்ளைகளுக்கு முன்கூட்டியே ஒரு வித்தியாசம் சொல்லிக் குடுக்கலாம்: பிறந்தநாளுக்கு வாங்கி வச்ச சட்டை ரெண்டு நாள்ல எல்லாருக்கும் தெரியப்போறது. "எப்பவுமே சொல்லக் கூடாது"ன்னு ஒரு பெரியவர் சொன்னா, அதை அன்னைக்கே அம்மாகிட்ட சொல்லணும்.

திசையன்விளை தேரிமண்:
சரிதான். கொடைக்காரர்கிட்ட ஒரு கேள்வி. எங்க வீட்டுலயும் பெட்டி இருக்கு. கதை தெரிஞ்சுட்டா அதை ஆத்துல விட்டுரலாமா?

கொடை முடிஞ்ச மறுநாள்:
விட வேண்டாம், பெரியவங்க மனசு ஒடிஞ்சிரும். அடுத்த தடவை சிற்றாடை மாத்தும்போது அவ பேரையும், எத்தனை வயசுன்னும் ஒரு தாள்ல எழுதி உள்ள வைங்க. பேர் தெரியலன்னா ஆச்சிகிட்ட இப்பவே கேளுங்க. பெட்டியில ரசகற்பூர உருண்டை (பாச்சை உருண்டை) போட்டிருந்தா தாளை அதுமேல படாம துணிக்கு அடியில வைக்கணும்.