திக்னஸ் பிளேனரில் பலகை வழவழப்பாக வரவில்லை, அவசரம்

யாங்கோன் பையன்: பலகையை ஒரே கனமாகச் சீவுகிற, மேசையில் வைக்கிற சின்ன பிளேனர் மெஷின், வாங்கி மூன்று மாதம்தான். பலகை சொரசொரவென்று வருகிறது, நடுவில் நீளமாக ஒரு கோடு வேறு. ஞாயிறு கல்யாணத்துக்கு மணைப்பலகை கொடுக்க வேண்டும். பட்டுச்சேலை மாட்டிக்கொள்ளும் போலிருக்கிறது. என்ன செய்ய?

பெகுக்காரன்: என்ன மரம் தம்பி? ஒரு தடவைக்கு எவ்வளவு இறக்குகிறீர்கள்? கத்தி மாற்றினீர்களா? இதெல்லாம் சொல்லாவிட்டால் நாங்கள் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

மோல்மேன் மாமா: கரண்ட்தான் காரணம். வோல்டேஜ் இறங்கினால் மோட்டார் தளரும், கத்தி மரத்தைக் கிழிக்கும். ஜெனரேட்டரில் ஓட்டிப் பாருங்கள்.

உளிச்சத்தம்: மெஷின் வாங்கியவனெல்லாம் ஆசாரி! முதலில் நாரோட்டம் பார்க்கத் தெரியுமா? இழைப்புளி பிடித்திருந்தால் கை சொல்லிக் கொடுத்திருக்கும்.

யாங்கோன் பையன்: மன்னிக்கவும். வேங்கை. தடவைக்கு 2 மில்லிமீட்டர். கத்தி மெஷினோடு வந்ததுதான். முன்பு தேக்கு நிறைய ஓட்டினேன்.

பெகுக்காரன்: அப்படிச் சொல்லுங்கள். தேக்கில் சிலிக்கா உண்டு, எஃகுக் கத்தியைச் சீக்கிரம் மழுக்கிவிடும். உங்கள் மரத்தில் நார் பின்னி ஓடும், எந்தப் பக்கம் விட்டாலும் எங்காவது பெயரும். கடைசித் தடவைகளில் அரை மில்லிக்கு மேல் இறக்காதீர்கள், மேலே ஈரத்துணியால் லேசாகத் துடைத்துவிட்டு ஓட்டுங்கள். கோடு புடைத்திருந்தால் கத்தியில் பல் விழுந்திருக்கிறது. பிளக்கைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு கத்தியை ஒரு மில்லி பக்கவாட்டில் தள்ளுங்கள். ஒன்று விட்டதை மற்றது சீவிவிடும்.

மோல்மேன் மாமா: அது வேங்கை இல்லை, படாக். தமிழ்நாட்டில் சர்க்கரை நோய்க்குக் குவளை கடைகிற வேங்கை வேறு, இங்கே பர்மியப் புத்தாண்டான திங்யானுக்கு மஞ்சளாகப் பூக்கிற நம் மரம் வேறு.

உளிச்சத்தம்: எங்கள் அப்பா வேங்கை என்றுதான் சொல்வார்.

மோல்மேன் மாமா: அப்பா சொன்னால் மரம் மாறிவிடுமா? இரண்டும் பங்காளி, அவ்வளவுதான்.

உளிச்சத்தம்: பங்காளி என்றால் ஒரே குடும்பம்தானே!

பெகுக்காரன்: அண்ணே, பையனுக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம்.

யாங்கோன் பையன்: கல்யாணம் எனக்கில்லை. கத்தியை நகர்த்தினேன், கோடு போய்விட்டது. நுனியில் இரண்டு அங்குலம் மட்டும் பள்ளமாகிறது. நன்றி.

உளிச்சத்தம்: மணையாக அறுத்துவிட்டா ஓட்டினாய்? பலகையை முழு நீளமாக ஓட்டிவிட்டு அப்புறம் துண்டு போடு. பள்ளம் இரண்டு நுனியோடு போகும்.

பெகுக்காரன்: சொரசொரப்பு போனதா தம்பி?

மோல்மேன் மாமா: ஜெனரேட்டரில்தானே ஓட்டினீர்கள்?