முழங்காலுக்கு அடியில் வைத்த தலையணை

எனக்கு வயது 66. வலது முழங்காலின் தேய்மானத்துக்கு மாத்திரை, ஊசி, முழங்கால் உறை என்று பல ஆண்டுகள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, எலும்போடு எலும்பு உரசுவதை எக்ஸ்ரேயில் கண்ணால் கண்ட பிறகுதான் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குச் சம்மதித்தேன். மூட்டை அப்படியே கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டுவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையில், தொடை எலும்பின் கீழ்முனையையும் கீழ்க்கால் எலும்பின் மேல்முனையையும் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அளவுக்குச் சீவி எடுத்து, அவற்றின்மேல் உலோகப் பாகங்களைப் பொருத்தி, நடுவே குருத்தெலும்பு இருந்த இடத்தில் பாலிஎத்திலீன் தகடு ஒன்றை வைக்கிறார்கள். மூட்டை அசைக்கும் தசைகள் நம்முடைய பழைய தசைகளேதான். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்ததால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலையிலேயே வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன்.

நான் எழுத வந்தது, வீடு திரும்பிய பின் நான் செய்த தவற்றைப் பற்றி. முதல் இரண்டு வாரங்களில் மடக்கினாலும் வலிக்கும், நீட்டினாலும் வலிக்கும். சற்றே மடங்கிய நிலையில் மட்டும் வலி அடங்கியிருக்கும். வீங்கிய மூட்டுக்குள் தேங்கிய நீருக்கு அந்த நிலையில்தான் இடம் கிடைக்கிறது என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது. ஆகவே முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணையை வைத்துக்கொண்டு இரவெல்லாம் தூங்கினேன். அப்படி வைக்கக் கூடாது என்று மருத்துவமனையில் சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனால், பார்க்க வந்தவர்கள் எல்லோரும் "எவ்வளவு மடங்குகிறது?" என்றே கேட்டார்கள், நானும் 90 பாகை மடங்கிவிட்டதென்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். எவ்வளவு நீள்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் நினைத்துப் பார்க்கவில்லை.

மூன்றாம் வாரத்தில் பிசியோதெரபிஸ்ட் என்னை மல்லாந்து படுத்துக் காலை நீட்டச் சொல்லிவிட்டு, முழங்காலுக்கும் மெத்தைக்கும் நடுவே கையை நுழைத்தார். அவருடைய உள்ளங்கை எங்கும் இடிபடாமல் மறுபக்கம் வந்தது. கோணமானியை வைத்து அளந்து, முழுதாக நீள்வதற்கு இன்னும் 12 பாகை குறைகிறது என்றார். முழுதாக நீளாத காலை ஊன்றி நிற்கும்போது தொடைத் தசை ஓய்வே இல்லாமல் உடலைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. பத்தடி நடப்பதற்குள் என் தொடை நடுங்கியதற்கும், நான் நொண்டியதற்கும் அதுதான் காரணம்.

அன்றே தலையணை போயிற்று. குதிகாலுக்கு அடியில் மட்டும் சுருட்டிய துண்டை வைத்து, முழங்காலை அந்தரத்தில் தொங்கவிட்டு, ஒரு வேளைக்குப் பத்து நிமிடம் வீதம் நாளைக்கு ஐந்து வேளை படுத்திருந்தேன். இடையிடையே தொடையை இறுக்கி, முழங்காலைக் கட்டிலை நோக்கி அழுத்தினேன். முழங்காலின் பின்புறம் கயிற்றை முறுக்குவதுபோல இழுத்தது. வலி மாத்திரை போட்டு அரை மணி நேரம் கழித்துத் தொடங்கினால்தான் தாங்க முடிந்தது. அந்த மாத்திரையைத் தவிர்ப்பது வைராக்கியம் என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன்: வலிக்குப் பயந்து பயிற்சியை விடுவதைவிட மாத்திரையைப் போட்டுக்கொள்வதே மேல்.

*

அம்மா, நீங்கள் தலையணையை விலக்கச் சொல்லியிருப்பதைப் படித்தபோது, என் தந்தைக்குச் சொல்லப்பட்டது நேர்மாறாக இருந்தது நினைவுக்கு வந்தது. அவருக்கு மாற்றியது இடுப்பு மூட்டு. பின்புறமாகத் திறந்து செய்ததால், தொடை எலும்பின் மேல்முனையில் பொருத்திய பந்து, இடுப்பெலும்பில் உள்ள கிண்ணத்தைவிட்டு நழுவிவிடாமல் இருக்க, தூங்கும்போது இரு கால்களுக்கும் நடுவே தலையணை இருந்தே ஆக வேண்டும் என்றார்கள். கால்மேல் கால் போடக் கூடாது, இடுப்பை 90 பாகைக்கு மேல் வளைக்கக் கூடாது என்ற கட்டுப்பாடுகளும் இருந்தன. ஒருவருக்குச் சொன்னதை இன்னொருவர் அப்படியே பின்பற்றிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

*

எனக்கும் முழங்கால்தான். பயிற்சியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்ததால் உள்ளே தழும்புத் திசு இறுகி, 70 பாகைக்கு மேல் மடங்கவில்லை. பத்தாம் வாரத்தில் மறுபடியும் மயக்க மருந்து கொடுத்துக் காலை மடக்கிவிட்டார்கள். இப்போது 105 வரை வருகிறது. அம்மா, அறுவை செய்த முழங்கால் மற்றதைவிடச் சூடாகவே இருக்கிறதே, உங்களுக்கும் அப்படித்தானா?

*

ஆம், ஐயா. ஆறு மாதம் வரை எனக்கும் இளஞ்சூடு இருந்தது; இயல்புதான் என்று மருத்துவர் சொன்னார். சூட்டோடு காய்ச்சல், சிவப்பு, தழும்பில் நீர்க்கசிவு, புதிதாகக் கூடும் வலி ஆகியவற்றில் எது இருந்தாலும் தொற்றாக இருக்கக்கூடும் என்பதால் அன்றே காட்டிவிடுங்கள். தழும்பின் வெளிப்பக்கம் எனக்கு இன்னமும் மரத்திருக்கிறது. தோலைத் திறக்கும்போது சிறு நரம்பு ஒன்று அறுபடுவதால் அப்படி ஆகிறதாம். நடப்பதற்கு அது தடையே இல்லை.

ஒன்பதாம் வாரத்தில் என் மகள், நீட்டிய முழங்காலுக்கு அடியில் ஒரு காகிதத்தை வைத்து, நான் அழுத்திப் பிடித்திருக்கும்போது இழுத்துப் பார்த்தாள். காகிதம் வரவில்லை, கிழிந்த பாதிதான் அவள் கையில் இருந்தது.